அறுநூறு மில்லி

அந்த வரிசையில் இருக்கும் ஏழு கடைகளில் எதில் போய் "லிட்டரக்கா எங்கே?" என்று கேட்டாலும் கையைக் காட்டிவிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் முழிப்பார்கள். நாற்பத்தாறு வயது, நீலச் சட்டை, தலைமுடியை இறுக்கிக் கட்டிய துணி, காதில் செருகிய பென்சில். வண்டிக்கு அடியில் படுத்தபடியே, வந்து நிற்பவரின் செருப்பைப் பார்த்து அது எந்த வண்டி, போன தடவை என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அவள் ஒரு பால் டிப்போவில் அளந்து ஊற்றும் வேலையில் இருந்தாள். சொட்டு கூடினால் மேலாளர் திட்டுவார், சொட்டு குறைந்தால் வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்காமல் பிழைக்க ஒரே வழி, சரியாக அளப்பது. வேலையை விட்டாலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. புகுந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்ததில் இன்றுவரை பழுதாகாமல் இருப்பது அது ஒன்றுதான் என்று கணவர் சொல்வார்.

ஒர்க் ஷாப்பை நடத்திவந்த கணவர் நேர் எதிர். அவருக்குக் கண்ணளவுக்காரர் என்று பெயர். எஞ்சின் ஆயிலோ டீக்குச் சர்க்கரையோ, எல்லாம் பார்வையிலேயே முடிந்துவிடும். "இதுக்கெல்லாம் எதுக்கு ஜாடி? பார்த்தா தெரியாதா?" என்பார். அப்படிப் பார்த்துத்தான் ஒரு நாள் ஒரு கியர் பெட்டியைத் தனியாகத் தூக்கினார். பார்வைக்கு லேசாகத்தான் இருந்ததாம். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட இடுப்பு, குனிகிற வேலைகளுக்கெல்லாம் ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் முக்காலியில் உட்கார்ந்து ஹாரன், ஒயரிங், ஸ்டார்ட்டர் என்று பார்க்க, அவள் வண்டிகளுக்கு அடியில் போனாள். முதல் ஆறு மாதம் வண்டிக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம், அவள் கைபட்ட வண்டி மேட்டில் ஏறும்போது புகைவதில்லை என்று தெரிந்ததும் அவர்களே ஆள் அனுப்பினார்கள்.

எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டை மாற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற இடங்களில் ரேடியேட்டரின் அடித்திருகைக் கழற்றுவார்கள், வருவது வரட்டும் என்று விடுவார்கள், புதிதை ஊற்றி மூடிவிடுவார்கள். இவள் அப்படியில்லை. ஒவ்வொரு வண்டியின் பானெட்டுக்குள்ளும் ஒரு சின்ன காகிதம் ஒட்டியிருப்பாள். எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் உள்ளே போனது என்று அதில் பென்சிலால் எழுதியிருக்கும். அடுத்த தடவை பழையதை இறக்கும்போது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ட்ரேயில் பிடித்து, ஜாடியில் ஊற்றி அளப்பாள். குறைந்தால் விடமாட்டாள். "வராதது எங்கேயோ இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஹோஸ் ஹோஸாகத் தடவுவாள். ஒழுகியிருக்கும், அல்லது ஏதாவது மூலையில் சேறாகி அடைத்திருக்கும். கண்டுபிடித்த பிறகுதான் டீ குடிப்பாள்.

அவளிடம் இன்னொரு சட்டமும் உண்டு. கூலன்ட் பிடித்த ட்ரே ஒரு நிமிஷம்கூடத் திறந்து கிடக்கக் கூடாது. கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ திறந்து வைத்த ட்ரேயில் டயர் கடைக்காரரின் பூனை நக்கிவிட்டு, மூன்றாம் நாள் கடை வாசலிலேயே செத்துப்போனது. டயர் கடைக்காரர் நல்ல உயரம், முரட்டு மீசை. டியூப்பைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்த அன்றே ஒரு பலகையை அறுத்து ட்ரேக்கு மூடி செய்தாள்.

ஒர்க் ஷாப்புக்கு மேல் மாடியில் நாத்தனார் இருந்தார். கண்ணளவுக்காரரின் அக்கா. கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில். பள்ளிச் சீருடை தைப்பவர். அவருடன் ஒரு தாடிக்கார நாய் இருந்தது. காலையில் இறங்கிவந்து ஒர்க் ஷாப் வாசலில் நடுவாக உட்கார்ந்து, யார் வருகிறார், யார் போகிறார், யார் வேலை செய்யாமல் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக மாடி ஏறிவிடும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

அந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் போய்வரும் ஒரே ஜீவன் கொஞ்ச நாளாக மேனேஜர்தான். நாத்தனாரும் லிட்டரக்காவும் பேசி மூன்று மாதம் ஆகிவிட்டது. காரணம் ஒரு டம்ளர் சர்க்கரை. நாத்தனார் கைமாற்றாக வாங்கிப்போனார், இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார். லிட்டரக்கா டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, யோசிக்காமல், "ரெண்டு விரக்கடை குறையுதே அண்ணி" என்று சொல்லிவிட்டாள். கேலியும் இல்லை, குத்தலும் இல்லை. மழை வருதே என்று சொல்வதுபோலச் சொன்னாள். நாத்தனாரின் முகம் கறுத்துவிட்டது.

"துணியை நானும்தான் அளக்கிறேன். சொந்தத்தை அளந்ததில்லை" என்று சொல்லிவிட்டு மாடி ஏறியவர், அப்புறம் இவள் பக்கம் திரும்பவில்லை. இவளும் நான் உள்ளதைத்தானே சொன்னேன் என்று வீம்பாக இருந்துவிட்டாள். ராத்திரி படுத்தால் அந்த இரண்டு விரக்கடை நெஞ்சில் நெருடும். ஆனால் பதினான்கு படி ஏறி மன்னிப்புக் கேட்கக் கால் வரவில்லை.

அன்றைக்கு பேக்கரி வேன் வந்திருந்தது. மூன்று வருஷத்துக் கூலன்ட். காகிதத்தில் எட்டு லிட்டர் என்று எழுதியிருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பினாள். அப்படித் திருப்பினால்தான் ஹீட்டருக்குள் தங்கியிருக்கும் கூலன்ட்டும் சேர்ந்து இறங்கும். ட்ரே எடுத்துவர உள்ளே போனாள். வந்து, அடியில் படுத்து, திருகைக் கழற்றினாள். கலங்கிய பச்சையில் பழைய கூலன்ட் கொட்ட ஆரம்பித்தது. அது சொட்டாகக் குறைந்துகொண்டிருந்தபோது பின்பக்கம் தடதடவென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேல்தொட்டி நிரம்பி வழிகிறது. மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நாத்தனாருக்குக் காதில் விழவில்லை.

பதினோரு வருஷமாக இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. இங்கிருந்தே "அண்ணி, மோட்டாரு!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மேலே சுவிட்சை அணைத்துவிடுவார். லிட்டரக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பேசாதவரை எப்படிக் கூப்பிடுவது? எழுந்து பின்சந்துக்கு ஓடினாள். அங்கே இருந்த இன்னொரு சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால் அச்சகக்காரர் பிடித்துக்கொண்டார். வழிந்த தண்ணீரில் அவருடைய காகிதக் கட்டு நனைந்துவிட்டதாம். அவர் பிரித்துக் காட்டிய ஒவ்வொரு தாளுக்கும் ஐயோ ஐயோ என்று சொல்லிவிட்டு வருவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. சட்டைப் பையில் இருந்த கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தைந்து.

வந்ததும் மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்தது. தாடி நுனி பச்சையாக இருந்தது.

லிட்டரக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த மூச்சில் வேனுக்கு அடியில் பார்த்தாள். ட்ரே திறந்து கிடந்தது. பலகை மூடி பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்திருந்தது. குனிந்து ட்ரேயை இழுத்து, ஜாடி ஜாடியாக அளந்தாள். ஏழு லிட்டர் நானூறு. இன்னொரு தடவை அளந்தாள். அதே ஏழு லிட்டர் நானூறு. தரையில் இரண்டு பச்சைப் பாதத் தடங்களைத் தவிர ஈரமே இல்லை. அறுநூறு மில்லியைக் காணோம்.

வராதது எங்கேயோ இருக்கு. எங்கே என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல், அது எதிரில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ஒரு நொடிகூட அவள் நினைக்கவில்லை. மூன்று மாதமாக ஏறாத பதினான்கு படிகளை நான்கு எட்டில் ஏறினாள். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணி, தப்பு என்னோடது. ட்ரேயை மூடாம போயிட்டேன். மேனேஜர் கூலன்ட்டைக் குடிச்சிருக்கு. இப்பவே டாக்டர்கிட்ட போகணும்."

கால்சட்டை ஒன்று மெஷின் ஊசியில் மாட்டியபடியே கிடக்க, நாத்தனார் எழுந்து வந்துவிட்டார்.

வேனில் கூலன்ட் இல்லை. இருந்தது கண்ணளவுக்காரரின் ஸ்கூட்டர்தான். டீக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவரிடம் "அறுநூறு குறையுது, மேனேஜர் குடிச்சிடுச்சு" என்று கத்திவிட்டு, லிட்டரக்கா ஓட்ட, பின்னால் நாத்தனார் உட்கார, நடுவில் மேனேஜரைச் சொருகினார்கள். அதற்கு அன்றைக்குக் கொண்டாட்டம். வாழ்நாளில் முதல் ஸ்கூட்டர் பயணம். இடுக்கில் தலையை நீட்டி, காற்றில் தாடி பறக்க, எதிரே வந்த எல்லாரையும் அதட்டிக்கொண்டே வந்தது. சிக்னலில் நின்ற பேருந்திலிருந்து ஆட்கள் கை காட்டிச் சிரித்தார்கள். ஸ்கூட்டரில் இருந்த இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"வேகமா போ" என்றார் நாத்தனார். மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. வேகமாகப் போனாள். "மெதுவா போ, விழுந்துடப் போறான்" என்பது இரண்டாவது.

கால்நடை டாக்டர் நரைத்த தலைக்காரர், பேச்சில் சிக்கனம். "எவ்வளவு குடிச்சது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அவருக்குக் கிடைக்கும் பதில் கொஞ்சம் என்பதாகவோ நிறைய என்பதாகவோதான் இருக்கும்.

"அதிகபட்சம் அறுநூறு மில்லி. பாதிக்குப் பாதி தண்ணி கலந்தது. அதனால விஷம் மட்டும் முன்னூறு" என்றாள் லிட்டரக்கா. "பன்னிரண்டு பத்துக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுல."

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எடை?"

"இருபத்தெட்டு கிலோ நானூறு" என்றார் நாத்தனார்.

இந்த முறை லிட்டரக்கா திரும்பிப் பார்த்தாள்.

"மாசாமாசம் மருந்துக் கடை மெஷின்ல இவனைத் தூக்கிட்டு ஏறுவேன். அப்புறம் தனியா ஏறுவேன். கழிச்சுப் பார்த்துக்குவேன்" என்றார் நாத்தனார், யாரையும் பார்க்காமல்.

டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். வந்ததில் பேக்கரி வேனிலிருந்து களவாடிய இரண்டு பன் முழுசாக இருந்தன. பச்சை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. தாடியைத் துடைத்தார், சலைன் ஏற்றினார், ரத்தம் எடுத்து, விஷம் இருந்தால் கோடு காட்டும் ஒரு சின்ன அட்டையில் சொட்டுவிட்டார். அட்டையில் மங்கலாக ஒரு கோடு வந்தது, வராததுபோலவும் இருந்தது.

"ரெண்டுங்கெட்டானா இருக்கு" என்றார் டாக்டர். "இதுக்கு எங்ககிட்ட இருக்கிற மாத்து மருந்து ஒரு வகைச் சாராயம். முன்னூறு உள்ளே போயிருந்தா அதை உடனே ஏத்தியாகணும், இல்லைன்னா சிறுநீரகம் போயிடும். வயசான நாய். குடிக்காத நாய்க்கு ஏத்தினா அதுவே அதைச் சாய்ச்சிடலாம். அரை மணி கழிச்சு இன்னொரு அட்டை பார்க்கிறேன். அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன், ஏத்திடுவேன்."

வெளியே ஒரு பெஞ்சு. ஒரு முனையில் இவள், மறுமுனையில் அவர். எதிர்ச் சுவரில் பூச்சி மருந்து விளம்பரத்தில் ஒரு பூனை சிரித்துக்கொண்டிருந்தது. லிட்டரக்காவுக்கு டயர் கடைக்காரரின் பூனை ஞாபகம் வந்தது. விளம்பரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு தரைக்கல்லும் ஓரடி இருக்கும் என்று மனசு தானாக அளந்தது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நீ மூடி போட மறந்தியா?" என்றார் நாத்தனார் கடைசியில். "நீயா?"

"மறந்துட்டேன் அண்ணி."

"ட்ரேயை விட்டுட்டு எங்க போன?"

சொன்னால் பழியைத் திருப்பிப் போடுவதுபோல ஆகிவிடும் என்று லிட்டரக்கா காதுப் பென்சிலை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவளையே பார்த்தார். பிறகு அவர் குரல் மாறியது.

"மோட்டாரை யார் நிறுத்தினது? தானா நின்னுடுச்சுன்னு நினைச்சேன்."

"தொட்டி வழிஞ்சுது."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

"மூணு மாசமா குரல் கொடுக்கலையே அண்ணி" என்று சொல்லும்போதே லிட்டரக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பெஞ்சு அதிர அழுதாள். "அந்தச் சர்க்கரை... என் வாய் சும்மா இருக்காது அண்ணி. உங்களை நான் அளக்கல. டம்ளரைத்தான் பார்த்தேன். அன்னிக்கே மேல வந்திருக்கணும். வீம்பு பிடிச்சு உக்காந்துட்டேன்."

நாத்தனார் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். முந்தானையை நீட்டினார். "குறைஞ்சுதான் இருந்துச்சு" என்றார். "அளந்து போட்டப்பவே தெரியும். என் டப்பாவுல அவ்வளவுதான் இருந்துச்சு. அதை நீ பார்த்துட்டியேன்னுதான் எனக்குக் கோபம்."

இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கண்ணளவுக்காரர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தா, அறுநூறு கிடைச்சிடுச்சு."

"என்ன சொல்றீங்க?"

"ஹீட்டர்ல இருக்கு. நீ ட்ரே எடுக்க உள்ள போனப்ப நான் ஹாரன் பார்க்க வேன்ல ஏறினேன். குமிழ் சூட்டுல இருந்துச்சு. இந்த வெயில்ல எந்தப் பைத்தியம் ஹீட்டர் போட்டிருக்குன்னு திருப்பி மூடிட்டேன். பானெட்டுல எட்டு லிட்டர்னு உன் காகிதத்தைப் பார்த்ததும்தான் அது உறைச்சுது. குமிழைத் திறந்துவிட்டேன், கொட்டுச்சு."

லிட்டரக்கா எழுந்து நின்றுவிட்டாள். கதவு வழியாக டாக்டர் மருந்துக் குப்பியை எடுத்து வைப்பது தெரிந்தது.

"எவ்வளவு வந்துச்சு?"

"ஒரு அறுநூறு..."

"கண்ணளவா?" அவள் போட்ட சத்தத்தில் உள்ளே ஒரு கிளி பதிலுக்குக் கத்தியது. "சரியா சொல்லுங்க. டாக்டருக்குச் சரியா சொல்லணும். உசிரு விஷயம்."

"முழுசாக் கேளு. ஜாடியைத் தரையில வச்சேன். முட்டி போட்டு, குனிஞ்சு, கோட்டுக்கு நேரா கண்ணை வச்சுப் பார்த்தேன். ஐந்நூத்தி எண்பத்தஞ்சு. மூணு தடவை அளந்தாச்சு. இப்ப எந்திரிக்க முடியல. டயர் கடைக்காரர் வந்துதான் தூக்கணும்."

ஆறு வருஷமாக எதற்கும் குனியாத மனுஷன். அவளுக்கு மறுபடி அழுகை வந்தது, ஆனால் இது வேறு மாதிரி அழுகை. உள்ளே ஓடினாள்.

"டாக்டர், பதினஞ்சு மில்லி! மொத்தமே பதினஞ்சு மில்லிதான் கணக்குல இல்ல. அதுல பாதி தாடியில இருந்துச்சு, நீங்களே துடைச்சீங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார், மேஜையில் கால் நீட்டிப் படுத்திருந்த நாயைப் பார்த்தார், அட்டையில் மங்கலாக இருந்த கோட்டைப் பார்த்தார். குப்பியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அளந்தது யாரு? நம்பலாமா?"

"என் தம்பி" என்றார் நாத்தனார், வாசலில் நின்றபடி. "பொறந்ததிலிருந்து எதையும் அளந்ததில்லை. இன்னிக்கு முட்டி போட்டு அளந்திருக்கான். நம்பலாம்."

அரை மணி கழித்து வந்த அட்டையில் கோடே இல்லை. சலைன் மட்டும் ஏறட்டும், ராத்திரி இங்கேயே இருக்கட்டும், காலையில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நாத்தனார் கூடவே தங்கினார். மறுநாள் காலை மேனேஜர் ஸ்கூட்டரின் நடுவில் உட்கார்ந்து, நேற்று அதட்டாமல் விட்டவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டு வீடு திரும்பியது.

பேக்கரி வேன் அப்படியே நின்றது. பன் குறைந்ததைப் பற்றி பேக்கரிக்காரர் புலம்பியதைக் காதில் வாங்காமல் லிட்டரக்கா வேலையைத் தொடங்கினாள். ஹீட்டர் குமிழைச் சூட்டுக்குத் திருப்பினாள், கண்ணளவுக்காரரைப் பார்த்தாள். இடுப்பில் பட்டை கட்டி முக்காலியில் இருந்தவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். நல்ல தண்ணீர் ஊற்றி, எஞ்சினைச் சூடேற வைத்து, ஆறவிட்டு இறக்கினாள். முதல் தடவை பழுப்பாக வந்தது. இரண்டாம் தடவை வெளிறிய டீ மாதிரி. மூன்றாம் தடவை ட்ரேயின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. அந்தத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது பின்பக்கம் தடதடவென்று சத்தம் கேட்டது. மேல்தொட்டி.

லிட்டரக்கா எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு, வேனுக்கு அடியிலிருந்தே, ஏழு கடைக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"அண்ணீ... மோட்டாரு!"

தையல் மெஷின் நின்றது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு தலையும், அதற்குப் பக்கத்தில் ஒரு தாடியும் எட்டிப் பார்த்தன.

"கேக்குது, கேக்குது. நீ மூடியைப் போட்டியா?"